செவேராவுக்கு ஒரு நவநாள்

மலேசோவில் யாருக்கு என்ன தொல்லை வந்தாலும் முதலில் செவேரா நபுத்தியைத்தான் தேடுவார்கள். டாக்டர், போலீஸ் எல்லாம் அப்புறம். குவாம் தீவின் தென்கோடியில் இருக்கும் எங்கள் ஊருக்குப் பாதுகாவலரே இயேசுவின் பக்கத்துச் சிலுவையில் தொங்கியபடி மனம் திரும்பிய நல்ல கள்ளன் திஸ்மாஸ்தான். ஆகவே எவனையும் கைவிடும் வழக்கம் இங்கே கிடையாது. ஆனாலும் எந்தத் தொல்லைக்கு எந்தப் புனிதரைப் பிடிப்பது என்று தெரிய வேண்டாமா? அது செவேராவுக்கு அத்துப்படி.

தான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடச் சமையலறையில் கோழியைக் கிளறிக்கொண்டே பதில் சொல்வார். சாவி தொலைந்ததா, அந்தோணியார். கண்ணில் புரையா, லூசியம்மாள். பல்வலிக்கு அப்பொலோனியம்மாள். விருந்துக்கு இறைச்சி சுடுகிறவர்களுக்கு லாரன்ஸ். அவரையே தணலில் போட்டுச் சுட்டார்கள் என்பதால் வெந்ததும் வேகாததும் அவருக்குத் தெரியுமாம். ஒருநாள் பேருந்து ஓட்டும் எலியாஸ் வந்து நின்றார்.

"அக்கா, எம் பொண்டாட்டி வாய் அடங்குறதுக்கு யாருகிட்ட வேண்டணும்?"

"உங் காது அடைக்கணும்னு வேண்டிக்கடா. அதுதான் சீக்கிரம் நடக்கும்."

வீடுவீடாகப் போய் ஜெபம் நடத்துகிறவரை நாங்கள் தேச்சா என்போம். செவேரா முப்பது வருடமாக எங்கள் தேச்சா. சாவு வீட்டு ஒன்பது நாள் ஜெபமாலையா, புனிதரிடம் ஒன்பது நாள் வேண்டும் நவநாளா, அவர் முன்னே சொன்னால்தான் ஊர் பின்னே சொல்லும். ஒலிபெருக்கி இல்லாமலே அவர் குரல் சாலை வரை கேட்கும். யாராவது ஒரு வார்த்தையை விழுங்கினால் ஜெபத்தை நிறுத்திவிட்டு, மறுபடி சொல்லவைப்பார். கடவுளுக்கு அவசரமில்லை, உனக்கென்ன என்பார். அதற்காக அவரைத் திட்டாதவர்களும் இல்லை.

அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. கட்டியை எடுத்துவிடலாம், குரல் திரும்புமா என்று இப்போதே சொல்ல முடியாது என்றுவிட்டார் டாக்டர். தொண்டைக்குப் பிளாசியார் என்று ஊருக்கே சொன்ன செவேரா, ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் தங்கை பிலோவிடம் வேறொன்று கேட்டார்.

"எல்லா வீட்டுக்கும் நான் போறேன். எனக்குன்னு யாருடி வந்து வேண்டுவா? எவனுக்காவது முழுசா ஒரு ஜெபம் தெரியுமா?"

"ஏன், நான் இல்லையா?"

"நீ பாதி ஜெபத்துல தூங்கிருவே."

பிலோவுக்குச் சிரிப்பு வரவில்லை. அக்கா இப்படிப் பயந்து அவர் பார்த்ததேயில்லை.

கட்டியை எடுத்தார்கள். ஒன்பது நாள் வாய் திறக்கக்கூடாது என்று உத்தரவு. வீடு திரும்பிய அன்று சாயங்காலமே, யாரும் கூப்பிடாமல், சிவப்புச் சோறும் தேங்காய் போட்ட கோழியுமாக முப்பது பேர் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். செவேரா கையைப் பிசைந்தார். யார் நடத்துவது? இரைச்சலில் பேசிப் பழகியவர் என்று எலியாஸைத் தள்ளினார்கள். பிளாசியார் நவநாள் புத்தகம் கையில் இருந்தது, மூக்குக்கண்ணாடி பேருந்தில் இருந்தது. மனப்பாடமாக வருவதைச் சொல்லிவிடலாம் என்று துணிந்து தொடங்கினார். ஜெபமாலை நன்றாகவே போயிற்று. முடிவில்தான் வந்தது வினை.

"ஆண்டவரே, எங்கள் சகோதரி செவேராவுக்கு நித்திய இளைப்பாற்றியை அளித்தருளும்!"

"முடிவில்லாத ஒளி அவர்மேல் ஒளிர்வதாக!" என்று முப்பது பேரும் பிசகில்லாமல் பதில் சொன்னார்கள்.

ஜெபமாலைக்குப் பிறகு எங்களுக்கெல்லாம் மனப்பாடமாக வரும் ஒரே ஜெபம் செத்தவர்களுக்கானது. அத்தனை சாவு வீடுகளில் ஒன்பது ஒன்பது நாள் உட்கார்ந்து சொன்னது நாவில் ஊறிப்போயிருந்தது. கரண்டியால் மேசையில் டமாரென்று ஓர் அடி விழுந்த பிறகுதான் ஊருக்கே உறைத்தது. செவேரா காகிதத்தில் எழுதித் தூக்கிக் காட்டினார்: "நான் இன்னும் சாகவில்லை, மடையா."

"ஐயோ அக்கா, பழக்கதோஷத்துல வாய் தன்னால ஓடிருச்சு!"

"ஓடும் ஓடும். சோத்தைப் பார்த்தா மட்டும் நிக்கும்," என்றார் பிலோ.

செவேரா சத்தமில்லாமல் சிரித்தார். தையல் வலிக்க வலிக்கக் கழுத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு அதே முகத்தோடு அழுதார். தான் சொல்லிக்கொடுத்த ஜெபம் ஒரு வார்த்தை குறையாமல் இத்தனை வாயிலிருந்து தன் பெயரோடு வந்ததைக் காதால் கேட்டுவிட்டார். செத்த பிறகு கிடைக்க வேண்டியது உயிரோடிருக்கும்போதே கிடைத்துவிட்டது. காகிதத்தைத் திருப்பி, "நன்றி. நாளைக்குக் கண்ணாடியோடு வா," என்று எழுதினார்.

எலியாஸ் கண்ணாடியோடு வந்தார். பிளாசியாரை எட்டு நாள் விடாமல் பிடித்தார்கள். நவநாளின் ஒன்பதாம் நாள் காலையில் டாக்டர் பேசச் சொன்னார். வந்தது ஒரு கரகரப்பு. பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும் அளவு. இனி இவ்வளவுதான் என்றார் டாக்டர்.

அன்று சாயங்காலம் எலியாஸ் புத்தகத்தை நீட்டினார். "நீங்களே நடத்துங்கக்கா. மெதுவா சொன்னாலும் போதும்."

செவேரா மாட்டேன் என்று தலையசைத்து அதை அவர் கையிலேயே வைத்து அழுத்தினார். பிறகு, முப்பது வருடமாக உட்காராத இடத்தில், மற்றவர்களோடு பின்வரிசையில் போய் உட்கார்ந்தார்.

"புனித பிளாசியாரே," என்றார் எலியாஸ்.

பதில் சொல்ல வேண்டிய முப்பது பேரும், சொல்லிவைத்தாற்போல், குரலை முணுமுணுப்பாகத் தாழ்த்திக்கொண்டார்கள். அறை முழுக்க செவேராவின் கரகரத்த குரல் கேட்டது: "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."