மழைக்கு ஹெவி, காற்றுக்கு ஸ்ட்ராங்

எங்கள் சமையலறைச் சுவர் முழுக்க ஆங்கிலச் சொற்களை ஜோடி சேர்த்து எழுதிய மஞ்சள் சீட்டுகள் இருந்தன. மழைக்கு ஹெவி, காற்றுக்கு ஸ்ட்ராங், டீக்கும் ஸ்ட்ராங். சாலை நெரிசலுக்கு மறுபடியும் ஹெவி, நிறைய சிகரெட் பிடிக்கிறவனுக்கும் ஹெவி. தூக்கம் டீப், ஆனால் இடி விழுந்தாலும் எழுந்திருக்காதவன் டீப் ஸ்லீப்பர் கிடையாது, ஹெவி ஸ்லீப்பர். ஏன் என்று கேட்டால் டியூஷன் அம்மாள் தோளைக் குலுக்குவாள், "இட் ஜஸ்ட் சவுண்ட்ஸ் ரைட்" என்பாள். யார் காதுக்கு? சீட்டுகளை ஒட்டியது என் வீட்டுக்காரர் அருள். புதுக்கோட்டைக்காரர், இங்கே ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிறார். அரிசி களைந்துவிட்டு நிமிர்ந்தால் "மேக் எ டிசிஷன்" என்று ஒரு சீட்டு என்னை முறைக்கும். முடிவை இவர்கள் செய்வார்களாம். நாம் எடுத்த முடிவால்தான் இந்தக் குளிரில் வந்து கிடக்கிறோம்.

தூத்துக்குடியில் நான் நர்ஸ். இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் இருக்கும் இந்தச் சின்ன ஊரில், முதியோர் இல்லம் ஒன்றில் நான் கேர் அசிஸ்டன்டாக இருந்தேன். குளிப்பாட்டலாம், ஊட்டலாம், துணி மாற்றலாம். மாத்திரை கொடுக்கக் கூடாது, ஊசி தொடக் கூடாது. நர்ஸாகப் பதிவு செய்ய ஆங்கிலப் பரீட்சையில் தேற வேண்டும். கேட்டல், வாசித்தல், பேசுதல் மூன்றிலும் தேறியாயிற்று. எழுத்தில் மட்டும் இரண்டு முறை அரை மதிப்பெண்ணில் போனது. இலக்கணம் சரியாம், விஷயம் சரியாம், சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டவில்லையாம். இல்லத்தில் ஒரு நர்ஸ் வேலை காலியாக இருந்தது. மேலாளர் டிரேசி அதை எனக்காக மூன்றாவது பரீட்சை வரைக்கும் நிறுத்தி வைத்திருந்தாள். அதற்கு மேல் முடியாது என்று முன்னமே சொல்லிவிட்டாள்.

ஊரில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரி துறைமுகத்துக்குப் பக்கம். கப்பலில் அடிபட்டவர்களை எங்களிடம்தான் கொண்டுவருவார்கள். ஒருமுறை சரக்கு அறைக்குள் விழுந்த ஒரு மாலுமியைக் கொண்டுவந்தார்கள். எந்த நாட்டுக்காரன் என்றே எங்களுக்கு முதலில் தெரியவில்லை. அவனுக்குத் தெரிந்த ஆங்கிலம் ஒரு கைப்பிடி, என்னிடம் இருந்தது இரண்டு கைப்பிடி. "பெயின் பிக்? பெயின் ஸ்மால்?" என்று ஒவ்வோர் இடமாகத் தொட்டுக் கேட்டேன். இடது விலாவுக்குக் கீழே கை போனதும் "பிக் பிக்" என்று அலறினான். மண்ணீரல் கிழிந்திருந்தது. டாக்டரைக் கூப்பிட்டோம், பிழைத்தான். வலிக்கு பிக் பொருந்தாது, சிவியர் என்று சொல்ல வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியும். அன்றைக்கு அவனிடம் சிவியர் என்று கேட்டிருந்தால் முழித்துக்கொண்டே செத்திருப்பான்.

இந்த இல்லத்தில் ஆர்தர் என்று ஒரு கிழவர் இருந்தார். போன குளிர்காலத்தில் ஒரு மத்தியானம் போய்ச் சேர்ந்தார். கடைசி நேரத்தில் பக்கத்தில் இருந்தது நான்தான். மறுநாள் அவர் மகள் சாமான்களை எடுத்துப்போக வந்தாள். எங்கள் பக்கம் சாவு வீட்டுக்குப் போவதைத் துட்டி கேட்கப் போவது என்போம். வெறுமனே போய் நிற்பதில்லை. எப்படிப் போனார், கடைசியாக என்ன சாப்பிட்டார், யாரைத் தேடினார் என்று கேட்க வேண்டும். கேட்டால்தான் வீட்டுக்காரர்கள் சொல்வார்கள், சொல்லும்போதுதான் அழுகை வரும், அழுதால்தான் நெஞ்சு இளகும். இங்கே மகளுக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்தவள் நான். அதனால் நானே சொல்ல ஆரம்பித்தேன். கஸ்டர்டு இரண்டு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், ஜன்னலைத் திறக்கச் சொன்னார் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே தாங்கவில்லை. "மை ஹார்ட் இஸ் நாட் லிஸனிங்" என்றேன். மனசு கேட்கவில்லை என்பதைத்தான் சொன்னேன். அவள் கண் விரிந்தது. "வாட் டு யூ மீன்?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் டிரேசி வந்து என் தோளில் கை வைத்து, "வீ'ஆர் ஸோ ஸாரி ஃபார் யுவர் லாஸ்" என்றாள். மகள் "தேங்க் யூ" என்றாள். அவ்வளவுதான், கதவைச் சாத்தியாகிவிட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

பிறகு டிரேசி என்னை அறைக்குக் கூப்பிட்டு, குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். இந்த மாதிரி நேரத்துக்கென்று ஒரு சொல் இருக்கிறது, அதை மட்டும் சொன்னால் போதும், நர்ஸ் ஆகப் போகிறவள் இதைக் கற்றுக்கொள்ள வேண்டும். "ஷீ வான்டட் டு ஹியர்" என்றேன். "யூ கன்ஃப்யூஸ்டு ஹெர், லவ்" என்றாள். கண்ணு என்பது போல அவள் சொன்ன அந்த லவ்வைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பன் கடைசியாக ஜன்னல் வழியே எதைப் பார்த்தான் என்று தெரியாமலே ஒரு மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாள். அது பரவாயில்லையாம், என் வாக்கியம்தான் தப்பாம்.

சொற்கள் ஜோடி சேர்ந்துதான் நடக்கும் என்பது எனக்குத் தெரியாதா? எங்கள் கரையில் முத்தையும் சங்கையும் யாரும் பிடிப்பதில்லை, குளிப்பார்கள். சங்கு குளிக்கப் போயிருக்கான் என்றால் நாங்கள் சோப்பைத் தேட மாட்டோம். மழை பெய்யும், காற்று அடிக்கும், பசி எடுக்கும், கோபம் வரும். என் அண்ணன் அந்தோணி துறைமுகத்தில் மூட்டை இறக்கும் ஆட்களுக்கு மேஸ்திரி. இப்போது அந்த வேலைக்கு வடக்கே இருந்துதான் ஆட்கள் வருகிறார்கள். அவர்களில் ஒருவன் "அண்ணாச்சி, காத்து பெய்யுது" என்று ஓடி வந்ததை அண்ணன் வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "காத்து பெய்யாதுலே, அடிக்கும்னு சொன்னேன். செரி அண்ணாச்சி, அடிக்கி பெய்யுதுங்கான்" என்பார். மைனி, அதாவது அண்ணன் மனைவி ரெஜினா, சிரித்துச் சிரித்து அடுக்களை வாசலில் உட்கார்ந்துவிடுவாள். நாங்கள் ஒன்றும் புண்ணியவான்கள் இல்லை, சிரிக்கத்தான் செய்தோம். ஆனால் அவன் சொன்னதைக் கேட்டு அண்ணன் தார்ப்பாயை இழுத்து மூடச் சொன்னார். காற்றுக்கு வினைச்சொல் பொருந்தவில்லை என்று அவனைத் துறைமுக கேட்டுக்கு வெளியே நிறுத்தவில்லை. இங்கே என்னை நிறுத்தி வைத்தார்கள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. என்னைப் போல இந்தக் கரைகளில் அரை மதிப்பெண்ணுக்கு அந்தப் பக்கம் நிற்கிற பெண்களே, உங்களுக்குப் புரியும்.

மூன்றாவது பரீட்சை அன்று காலை அருள்தான் காரில் கொண்டுவந்து விட்டார். வழியெல்லாம் பேசவே இல்லை. என் பதற்றத்தைக் கூட்ட வேண்டாம் என்று இருக்கிறார் என நினைத்துக்கொண்டேன். பரீட்சைக் கட்டடத்தின் வாசலில் நிற்கும்போது மைனியிடமிருந்து அழைப்பு வந்தது. வாழ்த்துச் சொல்லக் கூப்பிடுகிறாள் என்று சிரித்துக்கொண்டே எடுத்தேன்.

"ஏளா செலினு, ஒங்க அண்ணன் நம்மள விட்டுட்டுப் போயிட்டாகளே" என்றாள். பின்னால் பெண்களின் அழுகைச் சத்தம்.

விடியற்காலையில் நெஞ்சு வலி. ஆஸ்பத்திரி வாசலோடு முடிந்துவிட்டது. "பரீச்சை எழுதட்டும், அது வரைக்கும் சொல்லாதன்னு எல்லாரும் சொன்னாக. ஒங்க வீட்டுக்காரரும் அதத்தான் சொன்னாரு. எனக்குத்தான் மனசு கேக்கலளா" என்றாள். நான் திரும்பி அருளைப் பார்த்தேன். அவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் எனக்கு இட்லி எடுத்து வைத்தபோதே அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த நிமிடத்தில் அவரை அடித்திருப்பேன்.

சாயங்காலம் கோயிலில் பூசை வைத்து அடக்கம் என்றாள் மைனி. எனக்கு அழுகை வரவில்லை. "மைனி, கடைசியா என்ன சாப்ட்டாக? யாரத் தேடுனாக?" என்று கேட்டேன். அவள் மூச்சை இழுத்தாள், "ராத்திரி..." என்று ஆரம்பித்தாள். அதற்குள் கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு பெண் வெளியே வந்து என் முழங்கையைத் தொட்டாள். கதவை மூடப் போகிறோம், கைப்பேசியை அணைத்துத் தந்துவிட வேண்டும். பிறகு என் முகத்தைப் பார்த்து, "ஆர் யூ ஆல் ரைட்?" என்றாள். "ஐ'ம் ஃபைன், தேங்க் யூ" என்றேன். ஒரு சொல்கூடப் பிசகவில்லை.

"யாருளா அது? என்ன கேக்கா?" என்றாள் மைனி.

"பரீச்சைக்கு நேரமாச்சுன்னு சொல்லுதா மைனி."

"அப்ப போ" என்றாள். நான் அணைத்தேன். அந்தப் பெண் கைப்பேசியை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு ஒட்டினாள்.

உள்ளே போய் எழுதினேன். இங்கிருந்து திரும்பினாலும் சாயங்காலத்துக்குள் தூத்துக்குடி போய்ச் சேர முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான். ஆனால் வாசலில் நின்று மைனி சொல்வதைக் கேட்டிருக்கலாம், அதற்கு விமானம் வேண்டியதில்லை. ஆத்திரத்தில் நிற்காமல் எழுதினேன். சொற்கள் தாமாக ஜோடி ஜோடியாக வந்து உட்கார்ந்தன. சிவியர் பெயின், க்ளோஸ் அட்டென்ஷன், ஃபுல் ரெக்கவரி. அந்தப் பரீட்சையில் தேறிவிட்டேன், வேண்டியதற்கு மேலேயே வந்திருந்தது. இப்போது நான் நீலச் சட்டை போட்ட நர்ஸ், மாத்திரை வண்டியின் சாவி என் இடுப்பில் இருக்கிறது. அருள் சீட்டுகளையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டார். டிரேசி என்னைக் கட்டிப்பிடித்து வாழ்த்தினாள். அண்ணனுக்காக, முன்பு ஆர்தரின் மகளிடம் சொன்ன அதே வாக்கியத்தை என்னிடமும் சொன்னாள். தேங்க் யூ என்றேன்.

பரீட்சை முடிந்து வெளியே வந்து உறையைக் கிழித்துக் கைப்பேசியை உயிர்ப்பித்தபோது, அங்கே பூசை முடிந்து அண்ணனைக் கல்லறைக்கு எடுத்துவிட்டிருந்தார்கள். மைனி குரல் பதிவு ஒன்று அனுப்பியிருந்தாள். கூட்டமெல்லாம் கல்லறைக்குப் போன பிறகு வீட்டில் இருந்து பேசியிருக்கிறாள், பின்னால் ஒரு சத்தமும் இல்லை. காரில் ஏறாமல் அங்கேயே நின்று கேட்டேன்.

"ஏளா செலினு, வந்தவுக எல்லாம் அழுதுட்டுப் போயிட்டாக. கடைசியா என்ன சாப்ட்டாக, யாரத் தேடுனாகன்னு ஒருத்தரும் கேக்கல. நீ ஒருத்திதான் கேட்ட. கேட்டுட்டு நீ பாட்டுக்குப் போயிட்டியே, நான் யார்ட்டளா சொல்லுவேன்?"