கண்டி விலாசம்

மண்டபத்தில் மின்விசிறிகள் சுற்றின, காற்றுத்தான் வரவில்லை. திருகோணமலைத் துறைமுகப் பக்கத்து அலுவலகங்கள் ஒவ்வொன்றும் சுகாதாரக் கூட்டத்துக்கு ஒருவரை அனுப்ப வேண்டுமென்று கடிதம் வந்திருந்தது. வேலை செய்கிற எவரையும் விடமுடியாது என்பதால் என்னை அனுப்பினார்கள்.

கொழும்பிலிருந்து வந்த நிபுணர் திரையில் ஒரு படம் காட்டினார். சின்னப் பிள்ளைகளுக்கு வருகிற நீரிழிவு பற்றியது. உடம்பு தன்னையே தாக்குவதால் வருவது, ஆயுள் முழுக்க இன்சுலின் ஊசி போடவேண்டியது. வடக்கே குளிர் நாடுகளில் அது அதிகம், அங்கே குடியேறியவர்களின் பிள்ளைகளையும் பிடிக்கிறது, பல நாடுகளில் வருடத்துக்கு வருடம் ஏறுகிறது, ஏனென்று முழுதாக யாருக்கும் தெரியாது என்றார். அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் நான் அவரை மதித்திருப்பேன். ஆனால் அவர் எங்கள் மாவட்டங்களுக்கு வந்தார்; கிளினிக் அட்டைகளிலுள்ள விலாசத்தை வைத்து எண்ணிய கணக்காம். கண்டியின் கோடு ஏறிக்கொண்டு போனது. திருகோணமலையின் கோடு தரையோடு படுத்துக் கிடந்தது.

"உங்கட பிள்ளைகள் குடுத்து வைச்சவை. வெயில் இருக்கு, கடல் மீன் இருக்கு. அதுதான் காப்பாத்துது," என்றார். ஆகவே இங்கே இந்தப் பிள்ளைகளுக்கென்று தனிக் கிளினிக் இப்போதைக்குத் தேவையில்லையாம். சனம் கைதட்டியது. கிளினிக் இல்லை என்பதற்குக் கைதட்டிய அந்தக் கூட்டத்தோடு சேர்ந்து நானும் தட்டினேன்.

என் மகள் கண்டிக் கோட்டில் இருக்கிறாள். பிறந்ததும் வளர்ந்ததும் திருகோணமலையில்தான்.

ஏழு வயதில் அவள் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள், படுக்கையை நனைத்தாள், சட்டை தோளில் நிற்காத அளவுக்கு மெலிந்தாள். கடைத்தெரு டிஸ்பென்சரி டாக்டர் வயிற்றில் பூச்சியென்று பூச்சி மருந்து கொடுத்தார். "சீனி வருத்தமாய் இருக்குமோ?" என்று பயந்து பயந்து கேட்டேன். "இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது வாறேல்ல, தங்கச்சி," என்று சிரித்தார். கதிரையில் சாய்ந்து, கால் மேல் கால் போட்டுக்கொண்டு சிரித்தார். பத்தாம் நாள் பிள்ளைக்கு மூச்சு இழுத்தது, நினைவு தப்பியது. கண்டிக்குக் கொண்டுபோய்த்தான் உயிரைப் பிடித்தார்கள்.

அங்கே கிளினிக் அட்டை எழுதியவர் விலாசம் கேட்டார். என் மச்சாள், என் கணவரின் அக்கா, கண்டியில் இருக்கிறா. என் காதுக்குள் சொன்னா: "என்ர வீட்டு விலாசத்தைக் குடுங்கோ. பொம்பிளைப் பிள்ளை. ஊருக்குள்ள கதை போனால் பிறகு ஒருத்தனும் கட்ட மாட்டான்." ஏழு வயதுப் பிள்ளை மூக்கில் குழாயோடு கிடக்கிறது, இவ கலியாணம் பேசுகிறா. அவவைத் திட்டுவதற்கு எனக்கு என்ன தகுதி? அந்த விலாசத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னவள் நான். ஒரு நாட்டுக் கொடியைக் கட்டிக்கொண்டு வேறொரு நாட்டுக்காரனுக்கு உழைக்கும் கப்பல்களின் படிவங்களை நிரப்புவதுதான் என் தொழில். என் பிள்ளைக்கும் அப்படியொரு கொடியைக் கட்டிவிட்டேன்.

அன்றிலிருந்து மாதம் ஒருமுறை முதல் பஸ்ஸில் கண்டிக்குப் போகிறோம். வழியில் போடவேண்டிய இன்சுலின் கெடாமலிருக்க சுடுதண்ணிப் போத்தலுக்குள் ஐஸ் கட்டி போட்டு அதில் வைத்துக் கொண்டுபோவேன். யாராவது கேட்டால் பிளேன்டி, பால் விடாத தேத்தண்ணி, என்பேன். தம்பலகாமம் சந்தியில் குறிஞ்சாக்கேணி ஊர்ப் பெண் ஒருத்தி மகனோடு ஏறுவாள். அவளிடமும் அதே மாதிரிப் போத்தல், அவளுடையதும் பிளேன்டிதான். ஒருவரையொருவர் கண்டுகொள்ளாமல் இரண்டு வருடம் போனோம். பஸ் பழுதாகி வெயிலில் நின்ற ஒரு நாள்தான் அவள் வாய் திறந்தாள்.

"அக்குறணையில எங்கட ராத்தா இருக்காங்க. அவங்கட விலாசத்தத்தான் குடுத்திருக்கன்," என்றாள். கண்டிக்குப் பக்கத்தில் இருக்கிற அவளுடைய அக்காவாம். கிளிவெட்டிப் பக்கம் ஒரு பிள்ளை வாந்தி வாந்தியென்று செத்துப்போனதையும் அவள்தான் சொன்னாள். அந்தப் பிள்ளைக்கும் இதே தாகம், இதே மெலிவாம். வாந்தியென்று எழுதி முடித்துவிட்டார்கள். அது எந்தக் கோட்டிலும் ஏறாது.

இப்படி ஆளுக்கொரு அக்கா வீட்டில் பிள்ளைகளை ஒளித்துவைத்து நாங்கள் கண்டியின் கோட்டை ஏற்றினோம். நிபுணர் அதைப் பார்த்து எங்கள் மீனைப் புகழ்ந்தார். அடுத்த பிள்ளைக்கும் அந்த டாக்டர் பூச்சி மருந்து கொடுத்துச் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்கு ஆதாரம் எழுதிக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. மண்டபத்தில் எழும்பிச் சொல்ல நினைத்தேன். முன் வரிசையில் என் அலுவலக மேலதிகாரியின் மனைவி இருந்தா. உட்கார்ந்தபடியே இருந்தேன்.

பின்னேரம் மகள் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். இப்போது அவளுக்குப் பன்னிரண்டு. "அம்மா, இங்க கிளினிக் வருமாமா? இனிக் கண்டிக்குப் போகப் பள்ளிக்கூடம் மறிக்கத் தேவையில்லையோ?"

"வராது. இங்க அந்த வருத்தம் உள்ள பிள்ளைகள் இல்லையாம்."

"அப்ப நான் ஆர்?"

சோறு போடவேண்டுமென்று குசினிக்குள் போய்விட்டேன்.

அடுத்த மாதம் கண்டியில் அட்டை புதுப்பிக்கும் நாள். வரிசையில் எங்களுக்குப் பின்னால் குறிஞ்சாக்கேணிப் பெண் மகனோடு நின்றாள். அட்டை எழுதுகிறவர் பழைய விலாசத்தை வாசித்து, "இதேதானே?" என்றார். நான் தலையாட்டினேன்.

"இல்லை," என்றாள் மகள், வரிசை முழுக்கக் கேட்க. "நாங்கள் திருகோணமலை." தெருவையும் வீட்டு இலக்கத்தையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

அவர் என்னைப் பார்த்தார். "எது சரி?"

"மகள் சொன்னது."

"அப்ப இவ்வளவு வருஷமா ஏன் இதைக் குடுத்தீங்க?"

பின்னால் நின்றவள் மகனை இழுத்துத் தன் பின்னால் நிறுத்திக்கொண்டாள். என் மகள் இரத்தம் எடுக்கச் சட்டைக் கையை மடித்துக்கொண்டே, கோபமில்லாமல் பதில் சொன்னாள்.

"அம்மாவுக்கு என்னால வெக்கம்."

அவர் கண்டியை வெட்டிவிட்டுத் திருகோணமலை என்று எழுதினார்.