திருப்பாத மீட்டர்

“…அப்போ மீட்டர திருப்பாத வுட்டதுக்கும் நான்தான் தண்டம் கட்டணும்னு சொல்றீங்க. செரி, எட்த்துகினு போங்க சார்” என்றார் ஏழுமலை. பத்து வருடத்துக்கு முன்னால், புதுப்பட்டினத்தில் அவர் வீட்டு வாசலில் கேட்ட பேச்சு. போன ஞாயிற்றுக்கிழமை கூடுவாஞ்சேரியில் என் வீட்டு வாசலில் அது மறுபடி என் காதில் ஒலித்தது.

அன்று வாங்கிய காரை இப்போது நான் விற்கிறேன். பார்க்க வந்தவர் கதவைத் திறந்து மூக்கைச் சுளித்தார். “இன்னா சார், கருவாட்டு வாசன அடிக்குது?” கருவாடு இல்லை, உப்பு. கடற்கரையில் கிடந்த வண்டியின் சீட்டுக்கடியில் அந்த வாசனை லேசில் போகாது. மழைக்காலத்தில் கொஞ்சம் கூடும். எனக்கு அந்த வாசனை வந்தாலே ஏழுமலையும் கூட வந்து நிற்பார்.

கல்பாக்கத்து உத்தியோகக் குடும்பங்களைச் செங்கல்பட்டு ஸ்டேஷனுக்கும் விமான நிலையத்துக்கும் ஏற்றிப்போன வாடகைக் கார் அது. சர்க்கரை நோய் கண்ணைப் பிடித்துவிட்டதால் ஏழுமலை அதை விற்க முன்வந்தார். ஒன்றேகால் லட்சம் கேட்டார். அதில் வாசலிலேயே ஒரு பெட்டிக்கடை போடுவதாகத் திட்டம். அதற்கான மரச்சட்டங்கள்கூட வந்து இறங்கியிருந்தன.

துணைக்கு என் மச்சானைக் கூட்டிப்போயிருந்தேன். எதற்கும் ஒரு சொலவடை வைத்திருப்பவன். “வாங்கசொல்ல நொண்டி மாடு, விக்கசொல்ல மகாலட்சுமி. மூஞ்சிய மட்டும் சந்தோசமா வெச்சிக்காதீங்க மாமா” என்று பஸ்ஸிலேயே பாடம் எடுத்துவிட்டான். நானும் துக்க வீட்டுக்கு வந்தவன்போலக் காரைச் சுற்றி வந்தேன். டயரை உதைத்தேன். உதைத்தால் என்ன தெரியும் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

மீட்டர் மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் காட்டியது. பழைய கார் வியாபாரத்தில் மீட்டரைப் பின்னால் திருப்பாமல் யாரும் விற்கமாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை. அதனால் வாங்குகிறவன், மீட்டர் காட்டுவதோடு ஒரு லட்சத்தைக் கூட்டிக்கொண்டுதான் விலை பேசுவான்.

“மூணு காட்டுதுன்னா நாலு ஓடியிருக்கும்ணா” என்றான் மச்சான்.

“நான் கை வெக்கல தம்பி. திருப்பித் தரேன்னு ஒருத்தன் வூட்டாண்டயே வந்தான். அத்தினி ரோடும் நான் ஓட்னது. அத்த ஏன் அழிக்கணும்?”

மச்சான் என்னைப் பார்த்தான். அவர் சொல்வது உண்மை என்று எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. தெரிந்தும் உதட்டைப் பிதுக்கினேன். “எல்லாரும் அப்படித்தாண்ணா சொல்றாங்க” என்று சொல்லி எண்பதாயிரத்தில் நின்றேன். எனக்கு முன்னால் வந்தவர்களும் இதே கணக்கைப் போட்டுவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். அவருக்கு அலுத்துவிட்டது. அப்போதுதான் அந்தத் தண்டப் பேச்சு வந்தது. வீடு திரும்பும் வழியெல்லாம் மச்சான் என் சாமர்த்தியத்தைப் புகழ்ந்துகொண்டே வந்தான். எனக்குக் காது கூசியது.

பெட்டிக்கடை வந்ததா என்று போய்ப் பார்க்க எனக்கு முகமில்லை. அந்தப் பக்கம் போனால் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு கடந்துவிடுவேன். இப்போது கடக்க அந்த இடமும் இல்லை. சாலையை அகலமாக்கியதில் அந்த வாசலே போய்விட்டது. ஏழுமலை எங்கே போனார் என்று சொல்ல அங்கே ஆளில்லை.

“மீட்டர் ஒரிஜினலா சார்?” என்று கேட்டார் ஞாயிற்றுக்கிழமை வந்தவர். நான் கை வைக்கவில்லை என்றேன்.

“எல்லாரும் அப்டிதான் சார் சொல்றாங்க.” சிரித்தார்.

புதுப்பட்டினத்தில் அன்று பணத்தை வாங்கியதும் ஏழுமலை சாவியைக் கொடுக்கவில்லை. “இருங்க சார், உப்போட அனுப்பக்கூடாது, அடியில துரு புடிச்சிடும்” என்று உள்ளே போனார். அந்தத் தெருவில் போர் தண்ணீர் கரிக்கும். குடிக்கிற தண்ணீரைக் குடம் குடமாக விலைக்குத்தான் வாங்க வேண்டும். அந்தக் குடத்தைத்தான் தூக்கி வந்தார். மண்ணில் மண்டிபோட்டு, கண் சரியாகத் தெரியாமல் கையால் தடவித் தடவி, காரின் அடிப்பக்கமெல்லாம் ஊற்றிக் கழுவினார்.