ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒரு கோழியோடு

உங்களுக்கு வேறு வேலை இல்லையா? காசிக்கும் ஊட்டிக்கும் போனவர்களை விட்டுவிட்டு, இராஜபாளையத்திலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் போய்வந்தவளிடம் பயணக் கதை கேட்கிறீர்களே! சரி, கேட்டுத் தொலையுங்கள். நடுவில் கொட்டாவி விட்டால் நிறுத்திவிடுவேன்.

எண்பத்தொன்பதாம் வருசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழரைக்குப் பஸ் ஏறினேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் சபைக்கு அன்று அறுப்பின் பண்டிகை. வயலிலும் வீட்டிலும் விளைந்ததைக் கொண்டுபோய்ப் படைப்போம். ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். போன வருசம் என் பூசணிக்காயை ஒருவரும் சீந்தவில்லை. அந்த ரோசத்தில், ஒரு கருங்கோழியைக் குஞ்சிலேயே கர்த்தருக்கென்று நேர்ந்து, நொய்யரிசி போட்டு வளர்த்திருந்தேன். கூடையில் அது கம்பீரமாக உட்கார்ந்து வந்தது.

டிக்கெட் ஒன்றேகால் ரூபாய்.

“ஆச்சி, கோழிக்கும் லக்கேஜ் எடுக்கணும்” என்றார் கண்டக்டர்.

“அது லக்கேஜ் இல்லய்யா, கோயிலுக்குப் போற பக்தை. நிக்கவும் இல்ல, சீட்டுல உக்காரவும் இல்ல. அதுக்கு எதுக்கு டிக்கெட்டு?”

சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்டார்.

மேற்கே மலை மேகத்தை முக்காடு போட்டிருந்தது. அதை ரசிக்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. பக்கத்துச் சீட்டில் ஒரு இளவட்டம், மடியில் தூக்குவாளியோடு, கண்ணெடுக்காமல் என் கூடையையே பார்த்துக்கொண்டு வந்தான். கோழித் திருடன்தான் என்று முடிவுகட்டி, முந்தானையால் கூடையை மூடினேன். கோபுரம் தெரிந்து, பஸ் நின்று, நான் இறங்கினால் அவனும் இறங்கினான். பால்கோவாக் கடை ஓரம் நின்றால் அவனும் நின்றான்.

“ஏலே, என்ன பின்னாலயே வார? கோழிக்குச் சம்பந்தம் பேசவா?”

“இல்ல ஆச்சி... அத விலைக்குத் தருவியளா?”

பெரியாஸ்பத்திரியில் அவன் பெண்டாட்டிக்குப் பிள்ளை பிறந்து மூன்று நாள். இரண்டு வீட்டையும் மீறிக் கட்டிக்கொண்டவர்கள். அதனால் எட்டிப் பார்க்க ஆளில்லை. பெற்றவள் உடம்பில் தெம்பில்லை, மார்பில் பாலில்லை. பிள்ளை விடாமல் அழுகிறது. கோழிச்சாறு வைத்துத் தரச் சொல்லி இராஜபாளையத்தில் அத்தை வீட்டுக்குப் போயிருக்கிறான். அத்தை கதவையே திறக்கவில்லை. தூக்குவாளி போனபடியே திரும்பியிருந்தது.

“கோழிய வாங்கி என்ன செய்வ? ஆக்கத் தெரியுமா?”

“தெரியாது ஆச்சி.”

“பொறவு? பிள்ளைக்கு வேடிக்கை காட்டவா? நட என்கூட.”

எங்கள் சபைக் கோயிலுக்குப் பின்னால் பண்டிகைச் சாப்பாட்டுக்கு அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன. கோழியைச் சமையல்காரர் கையில் கொடுத்துவிட்டு, மிளகையும் சீரகத்தையும் பூண்டையும் அம்மியில் தட்ட உட்கார்ந்தேன். வாசனை பிடித்து, சபையைக் கவனிக்கும் உபதேசியார் வந்துவிட்டார்.

“ஆச்சி, நேர்ந்த கோழியாச்சே! கர்த்தருக்குள்ளத எடுக்கலாமா?”

“எடுக்கல ஐயா. அவரு இன்னைக்கு ஆஸ்பத்திரியில படுத்திருக்காரு. அங்க கொண்டுபோய்க் குடுக்கேன்.”

மனிதர் பக்கத்திலிருந்த தன் வீட்டுக்குள் போய் நல்லெண்ணெய்ச் செம்போடு வந்தார். “பிள்ளை பெத்தவளுக்கு இத ஊத்தாம சாறு வப்பாகளா?” என்று என்னையே அதட்டினார்.

வார்டில் அந்தப் பெண், சின்னப் பிள்ளைக்குப் பெரிய பிள்ளை மாதிரி, சுருண்டு கிடந்தாள். என்னைக் கண்டதும் புருசனிடம், “இவிய யாரு?” என்றாள்.

“நான் கோழிக்கு அம்மா. குடி, ஆறிரப் போகுது.”

சிரித்தாள், சிரிப்பு முடிவதற்குள் அழுதாள், அழுதுகொண்டே குடித்தாள். பிள்ளை என் மடியில். அது போட்ட சத்தத்தில் மின்விசிறியின் கடகடப்புக்கூடக் கேட்கவில்லை. மத்தியானமும் ஒரு தரம் சாறு கொடுத்தேன், பிள்ளையை மாரில் போட்டுப் போட்டுப் பார்த்தோம். வாய் வைக்கும், உதறும், வீறிடும். எதிரே சுவரைப் பார்த்தபடி அவன் நின்றான். சாயங்காலம் நாலு மணிவாக்கில் முட்டிக்கொண்டே கிடந்தது சட்டென்று அடங்கியது. செத்துக்கித்துப் போச்சா என்று பதறிக் குனிந்தால், கடைவாயில் பால் வழிய விழுங்கிக்கொண்டிருக்கிறது கள்ளப் பயல்!

ஆறு மணி பஸ்ஸில் ஊர் திரும்பினேன். தெருவில் கால் வைத்ததும் அக்கம்பக்கத்துப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். “கோழி ஏலத்துல எம்புட்டுக்குப் போச்சு?”

“அத ஏன் கேக்கிய! மூணு நாள் பிள்ளை ஒண்ணு கத்திக் கேட்டுச்சு பாரு ஏட்டி, அதுக்கு மேல கேக்க ஒருத்தருக்கும் தொண்டை இல்ல. அதுக்கே விட்டுட்டேன்.”