கிராவிடா

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் டாக்டர் என் மகளைப் பரிசோதித்துவிட்டு “கிராவிடா ஒன்” என்றார். பாரம் சுமப்பவள் என்று பொருள்படும் லத்தீன் சொல் அது.

எட்டு வயதில், டெட்டால் வாடை நிறைந்த ஸ்ரீவைகுண்டம் ஆஸ்பத்திரியில்தான் அதை முதலில் கேட்டேன். அம்மா நிறைமாதம். டாக்டரம்மா “கிராவிடா த்ரீ” என்றார்.

“அப்படின்னா?” என்று நர்ஸிடம் கேட்டேன்.

“மூணாவது கர்ப்பம், பாப்பா.”

“நான் ஒருத்திதான இருக்கேன்? இது ரெண்டாவதுல்லா?”

அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒனக்கு முன்ன ஒரு பொட்டப்பிள்ள பொறந்தாட்டி. அழவே இல்ல. ஒடனே கொண்டு போயிட்டாவ.”

“யார மாதிரி இருந்தா?”

“எனக்குக் காட்டல.”

அன்று சாயங்காலம் தம்பி பிறந்தான். அவன் வீறிட்டு அழுதது வராந்தா வரை கேட்டது. அதையும் மீறி அம்மாவின் குரல் கேட்டது: “மொகத்தக் காட்டுங்க! எம்பிள்ள மொகத்தக் காட்டுங்க!”