இரும்புக் கூடு

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எங்கள் தொழிற்சாலையில் ஒரு மிஷினும் ஓடாது. துடைப்பதும் கழுவுவதும்தான் வேலை. ஓசூருக்குப் பிழைக்க வந்த நாளிலிருந்து அந்த ஷெட்டில்தான் தரம் பார்க்கிறேன். இரும்புத் தகட்டை அடித்து வடிவாக்கும் பிரஸ் மிஷின் சத்தம் நின்றால் எனக்குக் காது அடைத்த மாதிரி இருக்கும்.

ஒட்டடை அடிக்க ஏணியில் ஏறிய மெயின்டனன்ஸ் அண்ணன், "ஏம்மா, இங்க வந்து பாரு" என்று கத்தினார். பிரஸ்ஸுக்கு நேர் மேலே, இரும்பு உத்தரத்தில், ஒரு மணிப்புறாக் கூடு. ஏறிப் பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு சுள்ளி கிடையாது, ஒரு புல் கிடையாது. லேத்தில் கடையும்போது சுருள் சுருளாக உதிருமே இரும்புச் சீவல், கையுறை இல்லாமல் நாங்கள் தொடவே மாட்டோம், அதை வைத்துப் பின்னியிருந்தது. நடுவில் இரண்டு வெள்ளை முட்டைகள்.

வெளியே நின்ற புங்க மரங்களை வெட்டி லாரி நிறுத்த இடம் பண்ணினால் அது வேறு எங்கே போகும்? எனக்கு ஆத்திரமாக வந்தது.

"குஞ்சு பொரிச்சா பிஞ்சுக் காலு அறுத்துக்கும்மா" என்றார் அண்ணன். நாகரசம்பட்டி மாந்தோப்புக்காரர். பூஜைத் தேங்காய் உரித்த நாரைக் கிண்ணம் போலச் சுற்றினார். முட்டைகளை நான் ஏந்திக்கொண்டேன். சீவலைப் பிய்த்தெடுக்க அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. உத்தரத்துப் போல்ட்டுகளில் கொக்கி கொக்கியாக மாட்டியிருந்தது. "என்னா கட்டு கட்டியிருக்கு பாரேன்" என்று சிரித்தார். அந்த இடத்தில் நார்க் கிண்ணத்தை வைத்து முட்டைகளை அதில் இறக்கினோம்.

புறா திரும்பி வந்து, சுற்றிச் சுற்றிப் பார்த்து, நாரில் உட்கார்ந்தது. பூஜை அன்றும் அடைகாத்தது. பொரியைக் கொறித்துக்கொண்டே எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். அண்ணன் உத்தரத்துக்கும் ஒரு சந்தனப் பொட்டு வைத்தார். எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

லீவு முடிந்து பிரஸ் ஓடத் தொடங்கியது. முதல் அடிக்கே உத்தரம் அதிர்ந்தது. புறா படபடவென்று எழுந்து பறந்தது. அடிக்கு அடி நார்க் கிண்ணம் விளிம்பை நோக்கி நகர்ந்தது. "நிறுத்துங்கண்ணே! நிறுத்துங்க!" என்று நான் போட்ட கூச்சல் அந்தச் சத்தத்தில் யார் காதில் விழும்?

பொட்டு வைத்த மிஷின் மேலேயே முட்டைகள் உடைந்தன. அண்ணன் வாயில் கை வைத்து நின்றார். அறுக்கும் என்று நாங்கள் பிய்த்துப் போட்ட சீவல்தான் அத்தனை நாளும் முட்டைகளை விழாமல் பிடித்திருந்தது என்பது அப்போதுதான் எங்கள் மரமண்டையில் ஏறியது.

மதியத்துக்கு மேல் பிரஸ் அடித்துக்கொண்டிருக்கும்போதே புறா வந்தது. அதிர்கிற உத்தரத்தில் அதே இடத்தில் போய் நின்றது. அதன் அலகில் நீளமாக ஓர் இரும்புச் சுருள் இருந்தது.