எட்டு மணி மாத்திரை: மரக்காணம் உப்பளத்தில் ஒரு காலை

சென்ற மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, பார்மசி மாணவர்கள் நான்கு பேருடன் மரக்காணம் போனேன். கடும் வலிக்கு மார்பின் மாத்திரை தருவது பற்றி ஒரு மாதம் பாடம் எடுத்திருந்தேன். அதைச் சாப்பிடுகிற ஒருவரைக்கூட அவர்கள் பார்த்ததில்லை. (நானும் அதிகம் பார்த்ததில்லை.)

திண்டிவனத்தில் காலை 7.10 பேருந்து. பெருமுக்கல், பிரம்மதேசம் வழியாக ஒன்றேகால் மணி நேரம், டிக்கெட் முப்பது ரூபாய். பிறகு ஷேர் ஆட்டோ, தலைக்கு இருபது.

"உப்பளத்துல செல்ஃபி எடுக்கவா மேடம்?" என்றார் டிரைவர்.

"இல்லங்க, உடம்பு முடியாதவங்களைப் பார்க்க."

பாட்டை நிறுத்திவிட்டார்.

வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனிக்கும் நர்ஸ் அக்கா தெருமுனையில் காத்திருந்தார். 9.15க்கு தனலட்சுமி வீட்டுக்குள் நுழைந்தோம். எலும்புவரை பரவிய புற்றுநோய். கட்டிலில் சுருண்டு, சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"டோஸ் பத்தல மேடம். டாக்டர்கிட்ட கூட்டச் சொல்லலாம்," என்றான் பிரவீன். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

இன்னொரு மாணவி நிவேதா கட்டிலருகே உட்கார்ந்தாள். "காலைல எப்பக்கா மாத்திரை போட்டீங்க?"

"நாலு மணிக்கு. அவரு அளத்துக்குப் போறப்ப குடுத்தாரு."

நான்கு மணி நேரத்துக்கு ஒன்று என்பது கணக்கு. "எட்டு மணிக்கு?" என்றாள் நிவேதா.

"மாத்திரைப் பொட்டி பூட்டியிருக்குதும்மா. சாவி அவரு இடுப்புல. பதினோரு மணிக்கு வந்துடுவாரு."

கணவர் ஏழுமலை போனை எடுக்கவில்லை. நர்ஸ் அக்காவைத் துணைக்கு விட்டு, நானும் பிரவீனும் வரப்பில் அரை கிலோமீட்டர் நடந்தோம். அவர் கணுக்கால் நீரில் நின்று உப்பு வாரிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் உப்பு வாரும் பலகையைக் கீழே போட்டார்.

"பூட்டி வை, பசங்க கைல கெடைக்கக் கூடாதுன்னு நர்ஸம்மா மூணு தபா சொன்னாங்களே!"

வகுப்பில் நானும் அதே வாக்கியத்தைத்தான் மனப்பாடம் செய்ய வைத்திருந்தேன். யார் திறப்பார்கள் என்று கேட்கச் சொல்லவில்லை.

எங்களுக்கு முன்னால் ஓடினார். 9.50க்கு மாத்திரை. பத்தரைக்கு தனலட்சுமி காலை நீட்டிப் படுத்தார். "எங்காளு கவர்மென்ட் கஜானாவக் காத்தாரு பாரு," என்றார். மாணவர்கள் சிரித்தார்கள். ஏழுமலை சிரிக்கவில்லை.

"பொட்டியப் பூட்டி பத்து நாளாச்சு, ஏன்டி சொல்லல?"

"நீயும் வெயில்ல வேகுற. மூணு மணி நேரந்தானேன்னு இருந்துட்டேன்."

ஏழுமலை பெட்டியைக் கட்டிலோரம் நகர்த்தி வைத்து, சாவியை மனைவியின் தாலிக்கயிற்று ஊக்கில் மாட்டினார்.

மாணவர்களுடன் போகிறவர்களுக்கு: எட்டரைக்குள் போய்விடுங்கள், உப்பளத்தில் நிழலே கிடையாது. ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர் வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் கட்டிலைச் சூழ்ந்து நிற்காதீர்கள். டோஸைப் பற்றிப் பேசுமுன், பகலில் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

டோஸைக் கூட்ட வேண்டியிருக்கவில்லை என்று அடுத்த வாரம் நர்ஸ் அக்கா சொன்னார். என் பாடக்குறிப்பைத் திருத்திவிட்டேன். அந்தப் பத்து நாள், எட்டிலிருந்து பதினொன்றுவரை தனலட்சுமி பட்ட வலியை அதில் எங்கே எழுதுவது என்றுதான் தெரியவில்லை.